தசமபாகம்: கட்டளையும் வரலாறும்

கிறித்தவர் தமது வருவாயிற் பத்திலொரு பங்கைத் திருச்சபைக்குச் செலுத்தக் கடமைப்பட்டவரா என்னும் வினா இன்று மீண்டும் உரத்து எழுப்பப்படுகின்றது. பெந்தகொஸ்தே சபைகளும் அவற்றையொத்த சுவிசேஷ சபைகளும் வளர்ந்துள்ள நாடுகளில், இலங்கையிலும் தமிழகத்திலுங்கூட, தசமபாகம் விசுவாசியின் தவிர்க்கவியலாக் கடமை என்று போதிக்கும் பிரசங்க மேடைகள் பல உள்ளன. அதனை மறுக்கும் கிறித்தவரும் பலர். இரு சாராரும் வேதாகம வசனங்களை எடுத்துக்காட்டியே வாதிடுகின்றனர். வசனத்துக்கு வசனம் என்று செல்லும் இவ்வாதத்தில் ஒரு வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அப்பத்திலொரு பங்கு எப்பொருளிலிருந்து எடுக்கப்பட்டது, எவரிடமிருந்து எவர் எடுத்தனர், எடுத்தது எங்கே சென்றது என்பதே அவ்வினா. நிறுவனமொன்றின் பொருளாதார அடித்தளத்தை நோக்காது அதன் கட்டளைகளை மாத்திரம் நோக்குபவர், அக்கட்டளை ஒரு காலத்தில் வற்புறுத்தப்பட்டு மற்றொரு காலத்தில் மறக்கப்பட்டமைக்கான காரணத்தை என்றுமே காணமாட்டார்.

பத்திலொன்று பெறுதல் தொடக்கத்தில் சமயத்துக்கே சிறப்பாக உரிய வழக்கமன்று. பண்டைய மேற்காசியாவில் அரசரும் கோயில்களும் அதனைப் பெற்றனர். உகாரித்து நகர அரசர் ஊர்களிடமிருந்து பத்திலொன்று பெற்றனர். பாபிலோனியாவின் ஊருக் நகரத்து எயன்னா கோயிலும் பெற்றது. நம்மவரின் அரசியல் நூல்கள் கூறும் ஆறிலொரு பங்கினைப் போல, விளைச்சலின் மிகையில் ஆள்வோர் கொள்ளும் பாகமே இது. இவ்வுண்மை வேதாகமத்திலேயே தெளிவாகப் பதிந்துள்ளது. தமக்கோர் அரசன் வேண்டுமெனக் கேட்ட மக்களுக்குச் சாமுவேல் விடுத்த எச்சரிக்கையில், அவ்வரசன் தானியத்திலும் திராட்சைப் பலனிலும் பத்திலொன்றை எடுத்துத் தன் சேவகருக்குக் கொடுப்பான் என்பதும் ஒன்றாகும். லேவியருக்குரிய பங்கைக் குறிக்கும் தசமபாகம் என்ற அதே சொல்லையே தமிழ் வேதாகமம் இவ்விடத்தும் ஆள்கின்றது. எபிரேய மூலத்திலும் இரண்டும் பத்து என்னும் எண்ணடியாகப் பிறந்த சொற்களே. தெய்வத்தின் பங்கும் அரசனின் பங்கும் ஒரே பெயர் கொண்டிருந்தமை தற்செயலன்று.

ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது போர்க்கொள்ளையில் ஒரு முறை கொடுத்த பங்கு. யாக்கோபு பெத்தேலிற் செய்தது நிபந்தனையோடு கூடிய நேர்த்தி. இவற்றைச் சட்டமெனக் கொள்வதற்கில்லை. சட்டம் என்று கொள்ளத்தக்கவை லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் ஆகிய மூன்றிலும் காணப்படும் விதிகள். அவை தம்முள் ஒத்துப்போவனவல்ல என்பது கவனிக்கத்தக்கது. எண்ணாகமத்தின்படி தசமபாகம் முழுவதும் லேவியருக்குரியது. நிலத்தில் அவர்களுக்குப் பங்கில்லை என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். தாம் பெற்றதிற் பத்திலொன்றை அவர்கள் ஆசாரியருக்குக் கொடுக்கவேண்டும். உபாகமமோ வேறொரு காட்சியைத் தருகின்றது. விளைவித்த குடியானவன் தன் குடும்பத்தோடும் வேலையாட்களோடும் பரிசுத்த இடத்துக்குச் சென்று அப்பங்கை உண்டு மகிழவேண்டும். தூரம் அதிகமாயின் அதனைப் பணமாக்கிக்கொண்டு சென்று அங்கே விரும்பியதை வாங்கி உண்ணலாம். மூன்றாம் ஆண்டிலே அது ஊரிலேயே சேர்த்துவைக்கப்பட்டு லேவியருக்கும் அந்நியருக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் உரியதாகின்றது. பிற்கால யூத அறிஞர் இவற்றை முதலாம், இரண்டாம் தசமபாகம் என்றும் ஏழைகளின் தசமபாகம் என்றும் வகுத்து ஒன்றுபடுத்த முயன்றனர். வரலாற்று நோக்கில், வெவ்வேறு காலங்களின் வெவ்வேறு தேவைகள் ஒரே நூற்றொகுதியிற் படிந்துள்ளன எனக் கொள்வதே பொருத்தமானது.

எனினும் இவ்விதிகள் யாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்புண்டு. தானியம், திராட்சை, எண்ணெய், மரக்கனி, மந்தை ஆகியவை மீதே தசமபாகம் விதிக்கப்பட்டது. தச்சனின் கூலியும் மீனவனின் வலையிற் கிடைத்ததும் நாட்கூலிக்காரன் மாலையிற் பெற்ற காசும் இவ்விதிகளுள் இல்லை. நிலமோ மந்தையோ உடையவனே கொடுக்கக் கடமைப்பட்டவன். அவையற்றவர் பெறுவோர் வரிசையில் நின்றனர். இன்று இக்கட்டளையை எடுத்தோதுவோர் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் இடம் இதுவே.

புதிய ஏற்பாட்டிற் கூறப்படுவது மிகச் சிலவே. புதினாவிலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்ட பரிசேயரை இயேசு கடிந்துகொள்கின்றார். அவற்றையும் விடாதிருக்க வேண்டும் என்று அவர் கூறியது கட்டளையை உறுதிப்படுத்துகின்றது என்பர் ஒரு சாரார். அவர் பேசியது மோசேயின் சட்டத்தின்கீழ் வாழ்ந்த யூதரிடம், ஆலயம் இன்னும் நின்ற காலத்தில் என்பதை அவர்கள் மனங்கொள்ளல் வேண்டும். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபமோ தசமபாகத்தைப் பேசுவது லேவிய ஆசாரியத்துவம் முடிவுற்றது எனக் காட்டுவதற்கே. எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் நிதி திரட்டியபோது விகிதம் எதனையும் விதிக்கவில்லை. அவனவன் வரவுக்கேற்பச் சேர்த்துவைக்குமாறும், கட்டாயத்தினாலன்றித் தன் மனத்தில் நிச்சயித்தபடி கொடுக்குமாறும் எழுதினார். எருசலேமின் முதற் சபையினர் பத்திலொன்று கொடுத்தவரல்லர். உடைமைகளை விற்றுப் பொதுவில் வைத்துத் தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டவர் என்றே அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைச் சித்திரிக்கின்றது. இரண்டாம் நூற்றாண்டின் இரனேயுஸ், யூதர் பத்திலொன்றைக் கொடுத்தனர், விடுதலை பெற்றவரோ தமக்குள்ள யாவற்றையும் ஆண்டவரின் பணிக்கு ஒதுக்குகின்றனர் என வாதிட்டமை இம்மரபின் தொடர்ச்சியேயாகும். நகரத்துக் கைவினைஞரும் அடிமைகளும் சிறு வணிகரும் மிகுந்திருந்த, அரச ஆதரவற்ற சபையொன்று நிலவரியின் சாயலிலமைந்த ஏற்பாடொன்றினால் வாழ்ந்திருக்கவும் இயலாது.

அவ்வாறாயின் தசமபாகம் கிறித்தவத்தினுள் எவ்வாறு மீண்டும் புகுந்தது? நகரங்கள் தேய்ந்து, திருச்சபை ஐரோப்பாவின் நாட்டுப்புறமெங்கும் பரவி, தானும் பெரு நிலவுடைமையாளராக மாறிய காலத்திலே அது புகுந்தது. ஆறாம் நூற்றாண்டில் ஆர்ல் நகரத்து ஆயர் சீசாரியுஸ் அதனை வற்புறுத்திப் பிரசங்கித்தார். 585ஆம் ஆண்டு மாக்கோனிற் கூடிய ஆயர் மன்றம், கொடுக்க மறுப்பவர் சபையிலிருந்து நீக்கப்படுவர் என விதித்தது. ஆயினும் ஆன்மிகத் தண்டனை மாத்திரம் போதுமானதாயிருக்கவில்லை. 779இல் ஹெர்ஸ்டாலில் வெளியிடப்பட்ட ஆணையின் வாயிலாகப் பிராங்கிய மன்னன் சார்லமேன் தசமபாகத்தைச் சகலர் மீதும் அரச சட்டமாக்கினான். திருச்சபை நிலங்களைத் தன் படைவீரருக்கு வழங்கிய அரசவம்சம், இழந்ததற்கு ஈடாகக் குடியானவரின் விளைச்சலிற் பங்கொன்றைத் திருச்சபைக்குக் காட்டிக்கொடுத்தது எனலாம். வாளினால் வெல்லப்பட்ட சக்சனியர் மீதும், ஏறத்தாழ 785இல், உடைமையிலும் உழைப்பிலும் பத்திலொன்று சுமத்தப்பட்டது. மன்னனின் அவையிலிருந்த அறிஞரான அல்குவினே இதனைக் கண்டு கலங்கினார். தசமபாகமே சக்சனியரின் விசுவாசத்தைக் கெடுத்தது என 796இல் எழுதிய அவர், புதிதாக வெல்லப்பட்ட அவார் மக்கள் மீதும் அந்நுகத்தைச் சுமத்தலாகாது என மன்னனுக்கு ஆலோசனை கூறினார். ஆளும் வர்க்கத்தின் உள்ளிருந்தே எழுந்த இக்குரலை விடச் சிறந்த சாட்சி கிடைத்தல் அரிது.

பெற்றதில் ஒரு பங்கு ஏழைகளுக்குரியது என்றே திருச்சபை விதிகள் கூறின. நடைமுறையில், கோயிலைக் கட்டிய நிலப்பிரபு அதன் தசமபாகத்தையும் தனதாக்கினான். துறவிமடங்கள் பங்குக் கோயில்களின் தசமபாகத்தைத் தம்முடன் இணைத்துக்கொண்டன. அது விற்கவும் அடகுவைக்கவும் குத்தகைக்கு விடவும் கூடிய சொத்தாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் புனித தோமஸ் அக்குவைனாஸ் இதற்குத் தத்துவ விளக்கம் தந்தபோதுங்கூட, குருக்களைப் பேணுதல் இயற்கை நியதி, பத்து என்ற எண்ணோ திருச்சபை தன் அதிகாரத்தால் விதித்தது என்றே பகுத்துரைத்தார். இன்றைய போதகர் பலர் அவரிலும் கடுமையாகப் பேசுகின்றனர்.

கட்டளையின் சமூக உள்ளடக்கம் மிகத் துலக்கமாக வெளிப்பட்டது 1525ஆம் ஆண்டு ஜெர்மானியக் குடியானவர் எழுச்சியிலேயாகும். மெமிங்கன் நகரில் உருவாகிய பன்னிரு விதிகளில் இரண்டாவது தசமபாகம் பற்றியது. எங்கல்ஸ் 1850இல் இவ்வெழுச்சி பற்றி எழுதிய நூல் நம்மிற் பலர் அறிந்ததே. ஆயின் இவ்விதியின் நுட்பம் தனியே நோக்கத்தக்கது. பழைய ஏற்பாட்டில் விதிக்கப்பட்ட தசமபாகம் புதிய ஏற்பாட்டில் நிறைவெய்திவிட்டது எனினும் தானியத்தின் பெருந்தசமபாகத்தைத் தாம் கொடுப்பதாகவே குடியானவர் கூறினர். ஆனால் அதனைச் சேர்ப்பவர் ஊரவர் நியமித்தவராக இருக்கவேண்டும். ஊரவர் தேர்ந்த போதகருக்குப் போதுமானது கொடுக்கப்படவேண்டும். எஞ்சியது அவ்வூர் ஏழைகளுக்குச் செல்லவேண்டும். அதன்மேலும் எஞ்சியது போர் வந்தாற் புதிய வரி சுமத்தப்படாதிருக்கச் சேமிக்கப்படவேண்டும். கால்நடைகளின் சிறுதசமபாகத்தை எவருக்கும் கொடோம், அது மனிதர் கற்பித்தது என்றனர். தசமபாகத்தை நேர்மையாக விலைகொடுத்து வாங்கியிருப்போருக்கு ஈடு கொடுக்கவும் அவர்கள் ஆயத்தமாயிருந்தனர். எழுத்தறிவு குறைந்த மக்களின் சார்பில் எழுதப்பட்ட இவ்விதி, மூன்றாம் ஆண்டுத் தசமபாகம் பற்றிய உபாகம விதிக்கு ஐரோப்பா கண்ட மிக நெருங்கிய உரை எனலாம்.

இதற்கு மாட்டின் லூதர் அளித்த விடை ஆராயத்தக்கது. தசமபாகம் ஆள்வோரின் உடைமை, அதனைத் தாமே பங்கிட முனைவது கொள்ளை என்று அவர் குடியானவரைக் கண்டித்தார். அதே ஆண்டில் நிகழ்த்திய பிரசங்கம் ஒன்றிலோ மோசேயின் சட்டம் யூதருக்குரியது, கிறித்தவரைக் கட்டுப்படுத்தாது என்றும், தசமபாகம் நல்ல விளைச்சலிற் பெருகி மோசமான விளைச்சலிற் குறைவதால் ஆள்வோர் அதனைப் பின்பற்றின் நன்று என்றும் கூறினார். இறையியலில் விடுதலையும் சொத்துரிமையிற் கட்டுப்பாடும் ஒருங்கே போதிக்கப்பட்டன. லூதரின் தனிப்பட்ட முரண்பாடாக மாத்திரம் இதனைக் கொள்வது தவறு. சீர்திருத்தத்தின் பாதுகாவலராயிருந்த இளவரசரும் நகர ஆட்சியாளரும் தசமபாகம் பெறுவோராயுமிருந்தனர்.

இங்கிலாந்தில் இச்சொத்துரிமை இன்னும் வெளிப்படையாயிற்று. எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் மடங்களைக் கலைத்தபோது அவற்றிடமிருந்த தசமபாக உரிமைகள் முடியினூடாகப் பொதுநிலைச் சீமான்களின் கைகளுக்குச் சென்றன. குருத்துவம் எதுவுமற்ற நிலவுடைமையாளன் தெய்வத்தின் பங்கைத் தன் களஞ்சியத்திற் சேர்த்தான். இச்சூழலில், 1618இல் சட்ட அறிஞர் ஜோன் செல்டன் தசமபாகத்தின் வரலாறு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சட்டப்படியான உரிமையை அவர் மறுக்கவில்லை. முதல் நான்கு நூற்றாண்டுகளிற் கிறித்தவர் தசமபாகம் செலுத்தியமைக்குச் சான்றில்லை என ஆவணங்களைக் கொண்டு காட்டியதே அவர் செய்த குற்றம். நூல் தடைசெய்யப்பட்டது, அதனை வெளியிட்டமைக்காக அவர் திருச்சபையின் உயர் ஆணைக்குழு முன் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. வரலாற்றாய்வு எத்துணை ஆபத்தானது என்பதை அதனால் இழப்போரே முதலில் உணர்கின்றனர். 1653இற் கூடிய பெயர்போன்ஸ் பாராளுமன்றத்தில் தசமபாகம் பற்றிய குழுவின் பரிந்துரை 54க்கு எதிராக 56 வாக்குகளால் நிராகரிக்கப்பட்டது; இரண்டு நாட்களில் மிதவாத உறுப்பினர் அதிகாரத்தைக் குரொம்வெல்லிடம் ஒப்படைத்து அம்மன்றத்தையே முடித்துவைத்தனர். தசமபாகத்தைத் தொட்டால் அடுத்துத் தொடப்படுவது நிலவுரிமையே என அவர்கள் அஞ்சினர். தசமபாகம் கொடுக்க மறுத்துச் சிறைசென்ற குவேக்கர் மிகப் பலர்.

இவ்விடத்து ஓர் இடைக்குறிப்பு அவசியம். கூலியிலும் வணிக இலாபத்திலும் பத்திலொன்று என்னும் ஆள்முறைத் தசமபாகம் இடைக்காலத் திருச்சபைச் சட்டத்தில் இருந்ததுண்டு. அது நன்கு நடைமுறைப்பட்டதில்லை. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் அதனைப் பழக்கமுள்ளவிடத்து மாத்திரம் என வரையறுத்து, நாட்கூலி உழைப்பாளரை முற்றாக விலக்களித்தது. ஆங்கிலப் பாராளுமன்றம் எந்நாளிலும் உழைப்பாளரின் நண்பனாயிருந்ததில்லை. அதுகூட நாட்கூலியிற் கைவைக்கத் தயங்கிற்று.

முதலாளித்துவ வேளாண்மை வளர்ந்தபோது தசமபாகம் ஆளும் வர்க்கத்துக்கே இடையூறாயிற்று. செலவைக் கழியாது மொத்த விளைச்சலில் எடுக்கப்பட்டமையால், நிலத்திற் புது முதலீடு செய்வோனை அது தண்டித்தது. அடம் ஸ்மித் 1776இல் தந்த உதாரணம் சுவையானது. சாயத்துக்குரிய மஞ்சிட்டிப் பயிர் நெடுங்காலம் தசமபாகமற்ற ஒல்லாந்த மாகாணங்களிலேயே செய்யப்பட்டது. இங்கிலாந்தில் அதற்குத் தசமபாகத்துக்குப் பதிலாக ஏக்கருக்கு 5 சிலிங் என்று சட்டம் வந்த பின்னரே அங்கு அது பயிராகத் தொடங்கிற்று.

அயர்லாந்தில் நிலைமை இதனினும் கொடியது. கத்தோலிக்கக் குடியானவர் தாம் சாராத அங்கிலிக்கன் திருச்சபைக்குத் தசமபாகம் கொடுத்தனர். 1735இல் ஐரியப் பொதுமக்கள் சபையின் தீர்மானமொன்று பெருமேய்ச்சற்காரரின் கால்நடைகளை நடைமுறையில் விடுவித்தது. மன்ஸ்டர் போன்ற பகுதிகளில் ஏழையின் உருளைக்கிழங்குப் பாத்தியோ தசமபாகத்துக்குட்பட்டே இருந்தது. 1831இல் தொடங்கிய எதிர்ப்பு தசமபாகப் போர் எனப் பெயர் பெற்றது. 1834 டிசம்பரில் கோர்க் மாவட்டத்து ரத்கோர்மக்கில் படையினர் மக்களைச் சுட்டுக்கொன்றது ஒரு விதவையின் தசமபாக நிலுவையை அறவிடச் சென்றபோது. விதவைக்குக் கொடுக்கவென எழுதப்பட்ட விதி விதவையிடமிருந்து துப்பாக்கி முனையில் வாங்கப்பட்டது. 1838இல் இச்சுமை வாடகைக் கட்டணமாக நிலவுடைமையாளர் மீது மாற்றப்பட்டது. அவர்கள் அதனைக் குத்தகையிற் சேர்த்துக்கொண்டனர். இங்கிலாந்திலும் 1836இல் அது பணமாக்கப்பட்டு, 1936இன் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, அதற்கீடாக வந்த ஆண்டுக்கட்டணம் 1977இலேயே முடிவுற்றது. பிரான்சில் 1789 ஓகஸ்டில் தசமபாகம் ஈடின்றி ஒழிக்கப்பட்டபோது, தாமே குருவாயிருந்த சியேயஸ் அது நிலவுடைமையாளருக்கு வழங்கப்படும் நன்கொடை என எதிர்த்தார். அவரது நோக்கம் எதுவாயினும் கணிப்பு பெருமளவு சரியே. குத்தகைக்காரர் பலர் முன்பு திருச்சபைக்குக் கொடுத்ததை அதன்பின் நிலச்சொந்தக்காரருக்குக் கொடுத்தனர்.

இவ்வாறு அரசின் கரம் விலகியபின் தசமபாகம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, வேறொரு மண்ணில் வேறோர் உருவில் எழுந்தது. ஐக்கிய அமெரிக்காவில் அரச ஆதரவு பெற்ற கடைசித் திருச்சபை ஏற்பாடு 1833இல் மசாச்சுசெற்சில் முடிவுற்றது. சபைகள் தம் செலவுக்கு உறுப்பினரின் கொடையையே நம்பவேண்டியவையாயின. ஆசன வாடகையும் சந்தாவும் முதலில் உதவின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாதச் சம்பளமும் கணக்குப்புத்தகமும் கொண்ட நகர நடுத்தர வர்க்கம் பெருகியபோது, தசமபாகம் பிரசுரங்கள் வாயிலாக மீண்டும் போதிக்கப்பட்டது. அதனைப் பரப்புவதில் வணிகர் முன்னின்றனர். மோர்மன் சபை 1838இல் விதித்திருந்த தசமபாகத்தை, கடன் அழுத்திய 1899இல் அதன் தலைவர் லொரென்சோ சினோ புத்துயிர்ப்பித்தார். பத்திலொன்று கொடுத்தாற் செல்வம் பெருகும் என்னும் வாக்குறுதி இக்காலத்திலிருந்து வலுப்பெற்று, இருபதாம் நூற்றாண்டின் செழிப்புப் போதனையில் முழு உருவெய்தியது. நம் நாட்டுச் சபைகள் பலவற்றுக்குத் தசமபாகம் வந்துசேர்ந்த வழி மோசேயிடமிருந்து வந்ததினும் இவ்வமெரிக்க வழியே எனல் பொருந்தும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்போ திருச்சபையின் தேவைகளுக்கு உதவுதல் விசுவாசிகளின் கடமை என்று மாத்திரம் கூறுகின்றது. பத்து என்ற எண் அதில் இல்லை.

ஆகவே கிறித்தவரைப் பத்திலொன்றுக்குக் கட்டுப்படுத்தும் கட்டளை புதிய ஏற்பாட்டிலும் இல்லை. ஆதிச் சபையின் நடைமுறையிலும் இல்லை. கட்டாயம் வந்தது அரசுடன். அது போனதும் அரசுடன். இன்று எஞ்சியிருப்பது அச்சத்தாலும் எதிர்பார்ப்பாலும் இயங்கும் கட்டாயமே. விரும்பிக் கொடுப்போரையோ, சபைகள் அக்கொடையால் நடத்தும் பணிகளையோ இழித்துரைப்பது நமது நோக்கமன்று. ஏழைகள் தமக்குள் ஒருவரையொருவர் தாங்கும் பழக்கத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் மாறா விகிதத்தின் கணக்கை மறத்தலாகாது. வசதியுள்ளவன் தன் மிகையிற் பத்திலொன்றைக் கொடுக்கின்றான். நாட்கூலியில் வாழும் குடும்பமோ தன் சோற்றிற் பத்திலொன்றைக் கொடுக்கின்றது. பழைய சட்டம் எவரைக் கொடுப்போர் பட்டியலில் வைக்கவில்லையோ, 1549இன் சட்டம் எவரை விலக்கிற்றோ, அவரிடமே இன்று அது கேட்கப்படுகின்றது.

இப்போதனையில் மிகுதியும் எடுத்தாளப்படுவது மல்கியா நூலின் மூன்றாம் அதிகாரம். தசமபாகத்தைக் களஞ்சியத்திற் சேராதவர் தேவனை வஞ்சிப்பவர் என்னும் கருத்து அதன் எட்டாம் வசனம் முதல் வருவது. பாரசீகப் பேரரசின் சிறு மாகாணமாக யூதேயா இருந்த காலத்துக்குரியது இந்நூல் என்பது பெரும்பாலான அறிஞரின் கருத்து. பேரரசின் வரிக்காக மக்கள் வயல்களையும் பிள்ளைகளையும் அடகுவைத்ததை நெகேமியாவின் நூல் பதிவுசெய்துள்ளது. தசமபாகம் வராமையால் லேவியர் வயல் வேலைக்குத் திரும்பியதையும் அதுவே கூறுகின்றது. அவ்வதிகாரத்தின் ஐந்தாம் வசனமும் களஞ்சியம் பற்றிய வசனங்களுக்குச் சற்று மேலேயே உள்ளது. அங்கே தேவனின் நியாயத்தீர்ப்புக்கு உள்ளாவோராகச் சூனியக்காரருடனும் பொய்யாணையிடுவோருடனும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுபவர், விதவையையும் திக்கற்றவரையும் ஒடுக்குவோரும் கூலிக்காரனின் கூலியைப் பறிப்போருமாவர்.